குழாய் மசியாமை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கருவுற்ற பெண்ணின் இரத்தக்குழாய்கள், அவற்றைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினுக்கு வழக்கம்போல் சுருங்காதிருக்கும் பண்பை 'எதிர்ப்பு' என்றே குறிக்கலாம் என முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இரத்த ஓட்டத்துக்குக் குழாய்கள் தரும் தடையையும் நம்மில் பலர் 'எதிர்ப்பு' என்றுதான் எழுதிவருகிறோம். கருவுற்ற காலத்தில் அந்தத் தடை குறைகிறது. நாம் பெயரிட முனையும் பண்போ கூடுகிறது. 'எதிர்ப்பு கூடுவதால் எதிர்ப்பு குறைகிறது' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் பாடு என்னாவது?

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜனை மிகுவிக்கிறது, அம்மூலப்பொருளை மாற்றத் தொடங்கும் நொதியான ரெனினும் பெருகுகிறது. இதனால் ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் உயர்ந்து, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைக்க, பிளாஸ்மாவின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இவ்வளவுக்கும் இரத்த அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஏறுவதில்லை, நடு மாதங்களில் இறங்கி, பேறுகாலம் நெருங்கும்போதுதான் பழைய அளவை எட்டுகிறது. புரோஜெஸ்டிரோனும் ரிலாக்சினும் குழாய்த் தசையைத் தளர்த்துவது ஒரு காரணம். ஆஞ்சியோடென்சின் எவ்வளவு வற்புறுத்தியும் குழாய் கேளாதிருப்பது மற்றொன்று. இதய விரிவழுத்தத்தை (இரத்த அழுத்த அளவீட்டின் கீழ் எண்ணை) 20 மி.மீ. உயர்த்த எவ்வளவு ஆஞ்சியோடென்சினைச் சிரைவழி செலுத்த வேண்டும் என்று நார்மன் காண்ட் குழுவினர் அளந்து 1973இல் வெளியிட்டனர். நலமான கருவுற்றோருக்குக் கூடுதல் அளவு தேவைப்பட்டது. பின்னர் உயர் அழுத்தத்துக்கு ஆளானவர்களிடம் இப்பண்பு, அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே மங்கத் தொடங்கியிருந்தது.

'இணங்காமை' என்றுதான் நான் முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் குழாய்ச் சுவர் விரிந்துகொடுக்கும் தன்மையை 'இணக்கம்' என்பதால், 'இணங்காத குழாய்' விறைத்த குழாயாகிவிடும். இங்கே அது நெகிழ்ந்தல்லவா இருக்கிறது! ஆகவே 'மசியாமை' என முன்மொழிகிறேன். 'அவர் எதற்கும் மசியமாட்டார்' என்னும்போது, வற்புறுத்தல் இருக்கிறது, அது பலிக்கவில்லை என்ற இரண்டும் ஒருசேரப் புலப்படுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுவே. 'மசியாமை இழப்பு' என நோய்நிலையையும் தடையின்றிச் சொல்லலாம். மசி என்றால் மை அல்லவா எனக் கேட்கலாம். எதிர்மறைத் தொழிற்பெயரில் அக்குழப்பம் எழ வழியில்லை. பேச்சுவழக்குச் சொல் என்பதை நான் குறையாகவே கருதவில்லை.

ஆஞ்சியோடென்சினை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம். ஆஞ்சியோடோனின், ஹைப்பர்டென்சின் என ஒரே பொருளுக்கு இரு ஆய்வுக் குழுக்கள் இட்ட பெயர்களில் பாதி பாதியை எடுத்து, 1958இல் உடன்பாடாக ஒட்டிய பெயர் அது. பொருள்பெயர்த்தால் ஒட்டுதான் கையில் மிஞ்சும்.

'குழாய்' என்பதற்கு மாற்றாக 'நாளம்' என்று வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 'நாளமில்லாச் சுரப்பி' வரும் அதே பத்தியில் 'நாள மசியாமை'யும் வந்தால் எந்த நாளம் என்று அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.