ஆர்ஓ ரிஜெக்ட்டுக்கு எம்விஆர் போடலாமா? ஓட்டுறவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சாயப்பட்டறைல கழிவுநீர் ப்ளாண்ட் பாத்துக்கிட்டு இருக்கேன். பயாலஜிக்கல் டேங்க் (நுண்ணுயிர் வச்சு சுத்தம் பண்றது), அப்புறம் யூஎஃப் (நுண்ணிய சவ்வு வடிகட்டி), அதுக்கப்புறம் ஆர்ஓ (அழுத்தம் கொடுத்து உப்ப பிரிக்கிற சவ்வு), இதுவரைக்கும் பெருசா பிரச்சனை இல்ல, சுத்தமாகி வர்ற தண்ணிய திரும்ப சாயம் போடவே எடுத்துக்குறோம். தலைவலியே ஆர்ஓ ரிஜெக்ட், அதாவது மிச்சம் நிக்கிற உப்புத்தண்ணிதான். இப்ப அத மூணு எஃபெக்ட் எவாப்பரேட்டர்ல நீராவி விட்டு காய்ச்சுறோம். ஒரு கிலோ தண்ணி 100 டிகிரில ஆவியாக 2257 கிலோஜூல் வேணும், அதே வெப்பத்த மூணு தடவை பயன்படுத்தினாலும் பாய்லர் விறக தின்னுக்கிட்டே இருக்கு. தண்ணிய காப்பாத்துறோம்னு சொல்லிட்டு புகைய மேல அனுப்புறது என்ன சுத்தமோ!

எம்விஆர்ல (மெக்கானிக்கல் வேப்பர் ரீகம்ப்ரஷன்) உப்புத்தண்ணி கொதிச்சு வர்ற ஆவியையே கம்ப்ரஸர் வச்சு அழுத்தி சூடேத்தி மறுபடி அதே வேலைக்கு விட்டுருவாங்க, அது நல்ல ஐடியாதான், ஆனா கரைசல் கெட்டியாக ஆக கொதிநிலை ஏறுமே, அப்ப கம்ப்ரஸர் தாங்குதா? போன வாரம் எங்க ட்யூப திறந்து பாத்தா உள்ள சிலிகா வெள்ளையா ஓடு மாதிரி ஒட்டியிருக்கு, ஆசிட் விட்டும் அசையல. நுரை வேற.

இன்னொன்னு, சாயத்துக்கு போடுற உப்பான சோடியம் சல்பேட் 32 டிகிரிக்கு கீழ குளிர குளிர கரையிறது மளமளன்னு குறையும்ல, அப்படி குளிரவச்சு உப்ப எடுத்துட்டு மிச்சத்த மட்டும் எம்விஆருக்கு விட்டா சரிப்படுமா? அந்த உப்ப திரும்ப சாயத்துக்கு போட்டா ஷேடு மாறுதா? விக்கிறவங்க சொல்றத நிறைய கேட்டாச்சு, ஓட்டுறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.