ஒட்டுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

செல்வாசி:
ஜிஎல்பி-1 (இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் ஹார்மோன்) ஏற்பி உள்ள செல்களில் எக்செண்டின் (9-39) என்ற பெப்டைடை, அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலியை, போட்டுப் பார்த்தேன். அதே ஏற்பியைத் தூண்டும் எக்செண்டின்-4இன் 39 அமினோ அமிலங்களில் முதல் எட்டு மட்டும் இதில் கிடையாது. கதிரியக்க அயோடின்-125 ஏற்றிய ஹார்மோனை ஏற்பியிலிருந்து அழகாகக் கிளப்பிவிடுகிறது. ஆனால் ஏற்பி வேலை செய்தால் செல்லுக்குள் கூட வேண்டிய சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி துளிகூட ஏறவில்லை. பெப்டைடு கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தும் பார்த்தாயிற்று. பூட்டில் சாவி நுழைந்தால் திறக்கத்தானே வேண்டும்?

பழைய_பிப்பெட்:
கெட்டிருந்தால் கிளப்பியே இருக்காது. பூட்டு, சாவியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எனக்கு அந்த உவமை என்றைக்குமே பிடித்ததில்லை. பெப்டைடின் பின்பாதி சுருளாகி, செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிப் பகுதியின் பள்ளத்தில் போய்ப் படுக்கிறது. எக்செண்டினுக்குப் பிடிமானம் பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் முன்முனை, சவ்வில் புதைந்த ஏழு சுருள்களுக்கு நடுவே இறங்கும். அது இறங்கினால்தான் ஆறாவது சுருள் நடுவில் ஒடிந்தாற்போல் வளைந்து, அதன் அடிப்பகுதி விலகிக்கொடுக்கும். அந்த இடைவெளியில் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜிஎஸ் புரதம் செருகிக்கொண்ட பிறகே சைக்ளிக் ஏஎம்பி. உங்கள் பெப்டைடுக்கு இறங்க வேண்டிய முனையே இல்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

சவ்வோரம்:
பாராதைராய்டு ஹார்மோனிலும் இதே கதைதான். 1-34 துண்டு வேலை செய்யும், 7-34 துண்டு மறிக்கும். சந்தேகமிருந்தால் எக்செண்டின் (9-39) அளவை மாற்றாமல் ஜிஎல்பி-1ஐ மட்டும் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள்.

செல்வாசி:
சரி, உடம்பில் டிபிபி-4 நொதி ஜிஎல்பி-1இன் முன்னால் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்குகிறதே, மிச்சமும் இப்படி மறிக்குமா?

பழைய_பிப்பெட்:
பெரிதாக மறிக்காது. எக்செண்டினின் பின்பாதி தனியாகவே கெட்டியாகப் பிடிக்கும். ஜிஎல்பி-1இன் பின்பாதிக்கு அவ்வளவு பிடி இல்லை, முனை போனால் ஒட்டுதலே தளர்ந்துவிடும். நறுக்கு படாத ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்போல்தான் பாதியாகாமல் தாங்கும். ஜிஎல்பி-1ஐ ஒத்த மருந்தான செமாகுளூடைடில் 8ஆம் இடத்து அலனினை மாற்றியிருப்பது இதற்காகத்தான் (எண் 7இல் தொடங்குவதால் அது இரண்டாவது அமினோ அமிலம்). கூடுதலாக ஒரே ஒரு மெத்தில், நொதியால் கடிக்க முடிவதில்லை.

செல்வாசி:
சவ்வோரம் சொன்னபடி போட்டேன். ஜிஎல்பி-1 அளவுக்கு எதிரே சைக்ளிக் ஏஎம்பி வளைவு வலப்பக்கம் நகர்ந்தது, உச்சி குறையவில்லை. அதாவது பெப்டைடு கெடவில்லை, ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெப்டைடுக் குழாயைக் குப்பையில் போட இருந்தேன்.