ஸ்ப்ளெண்டர் பிளஸ்: இடது பக்கம் ஆயில் சொட்டுகிறது, இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

தாராபுரம்_ரோடு எழுதியது:

வணக்கம். அப்பாவுடைய வண்டி, 2011 ஸ்ப்ளெண்டர் பிளஸ். பால் சொசைட்டிக்கும் தோட்டத்துக்கும் தினமும் ஓடுகிறது. கொஞ்ச நாளாக ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஆயில் கறை. இடது பக்கம், செயின் கவர் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கீழே. போர்டிகோவில் இப்போதுதான் டைல்ஸ் போட்டோம். அம்மா அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறார்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டு, "உள் சீல் போயிருச்சு, இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும், ஆறாயிரம் ஆகும்" என்றார். அது நிஜமா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது, ஆயில் அளவு. அப்பா வீட்டுக்கு வந்து சைடு ஸ்டாண்டு போட்ட உடனே கேஜைக் கழற்றி, துடைத்து, திரும்பத் திருகி எடுத்துப் பார்ப்பார். ஒரு நாள் குறைவாகக் காட்டும், இன்னொரு நாள் சரியாக இருக்கும். குறைவாகக் காட்டும் நாளில் கொஞ்சம் ஊற்றிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் திருகாமல் பார்க்க வேண்டும் என்கிறார். எது சரி?

நாலு_கியர் எழுதியது:

இதுக்கெல்லாம் இன்ஜினை இறக்க வேண்டாம் ப்ரோ. அடுத்த தடவை 20டபிள்யூ-50 ஆயில் ஊத்துங்க, கெட்டியா இருக்கும், லீக் தானா நிக்கும். இல்லேன்னா வெளியே பேஸ்ட் தடவி விடுங்க.

பழைய_பட்டறை எழுதியது:

தம்பி, ஆறாயிரத்தை எடுத்து வைக்க வேண்டாம். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் யாருமே பார்க்கவில்லை. சொட்டுகிற இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். விருதுநகரில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் இப்படி 'இன்ஜின் பிரிக்கணும்' என்று எங்கோ சொல்லி அனுப்பிய வண்டிகள் நிறைய வரும். பாதிக்கு மேல் வெளியிலிருந்தே முடிகிற வேலை.

ஆயில் மேலே கசிந்து கீழே வந்து சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கிறது. அதன் தலைப்பகுதியான ஹெட்டில் டேப்பட் மூடியின் ரப்பர் ஓ-ரிங் விட்டால்கூட ஆயில் சிலிண்டர் வரிகளில் ஓடி, கிராங்க் கேஸ் அடிவரை வந்து ஆயிலை இறக்குகிற டிரெயின் நட்டில் தொங்கும். பார்ப்பவர் டிரெயின் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார். அலுமினியம்தானே, மரை போய்விடும். இப்போது ஒரு கசிவு இரண்டாகிவிட்டது.

அதனால் முதல் வேலை சுத்தம் செய்வது. இன்ஜின் நன்றாக ஆறட்டும். கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ எடுத்து, பழைய டூத் பிரஷால் இடது பக்கம் முழுக்கத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தால் சீல் ஓரத்தில் மண்ணும் தண்ணீரும் புகும், அதைச் செய்யாதீர்கள். கியர் லீவரைக் கழற்றும் முன் அது ஷாஃப்டில் எந்தப் பல்லில் நிற்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். லீவரை எடுத்த பிறகு பின்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட் கவரையும் கழற்றுங்கள். உள்ளே கறுப்பாக ஒரு குவியல் இருக்கும். அதையும் சுரண்டி எடுங்கள்.

காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை அந்தப் பகுதி முழுவதும் லேசாகத் தூவுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டுக் கையை விடாதீர்கள், செயின் விரலைக் கேட்காது. ஒன்றும் தெரியாவிட்டால் கவரை மாட்டி, பக்கத்து ஊர்வரை போய்வந்து மறுபடி கழற்றிப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனியைத் தேடுங்கள். கசிவு அங்கேதான்.

நீங்கள் சொல்கிற இடத்தில் நான் சந்தேகப்படுவது நாலு. கியர் லீவர் ஷாஃப்ட் சீல், முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் சீல், நியூட்ரல் சுவிட்ச் ரப்பர், மேக்னெட் (கரண்ட் தயாரிக்கிற சக்கரம்) பிளேட் ஓ-ரிங். முதல் மூன்றும் கவரைக் கழற்றினாலே கைக்கு எட்டும், ஸ்ப்ராக்கெட் சீலுக்கு மட்டும் ஸ்ப்ராக்கெட்டையும் எடுக்க வேண்டும். பழைய சீலைக் கொக்கி போட்டுப் பக்குவமாக எடுத்து, புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, நேராக உட்கார வைத்துத் தட்டினால் முடிந்தது. கோணலாக இறக்கினால் அதே வாரம் கசியும். மேக்னெட் என்றால் மேக்னெட்டை இழுக்கப் புல்லர் வேண்டும், பட்டறை வேலைதான். ஆனாலும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது கசிவே இல்லை. ஸ்ப்ளெண்டரில் செயினை முழுக்க மூடிய கவர். செயினுக்கு விடுகிற எண்ணெய் அந்தக் கவரின் அடியில் தேங்கிச் சொட்டும். கெட்டியான 90 கியர் ஆயில் என்றால் விரலில் தேய்த்ததும் பிசுபிசுப்பு காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் இன்ஜினில் இறக்கிய பழைய ஆயிலையே செயினுக்கு விடுகிற வழக்கம் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் குழப்பம். இரண்டும் ஒரே கறுப்பு. அப்பாவிடம் கேளுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். ஒரு ராத்திரி சைடு ஸ்டாண்டில், மறுநாள் ராத்திரி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அட்டையில் விழுந்த கறையை ஒப்பிடுங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கும், இடது பக்கச் சீல்கள் முழுகி நிற்கும். சென்டர் ஸ்டாண்டில் கறை சுருங்கினால் அந்தச் சீல்களில் ஒன்றுதான். ஹெட் பக்கக் கசிவு பெரும்பாலும் வண்டி ஓடும்போதுதான் வரும், நின்றபின் மிச்சம் வடியும், அப்புறம் நின்றுவிடும்.

இனி அளவு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி, ஸ்ப்ளெண்டரில் கேஜைத் திருகக் கூடாது. துளையில் வைத்து, மரை உதட்டில் உட்கார்ந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் கம்பி இன்னும் உள்ளே இறங்கும், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அப்பா சைடு ஸ்டாண்டில் பார்க்கிறார். கேஜ் இருப்பது வலது பக்கம், ஆயில் ஒதுங்குவது இடது பக்கம், அதனால் குறைவாகக் காட்டும். வண்டியை நிறுத்திய உடனே பார்ப்பதால் ஹெட்டுக்குப் போன ஆயில் கீழே இறங்கியிருக்காது, அதுவும் குறைவாகக் காட்டும். ஒன்று கூட்டுகிறது, இரண்டு குறைக்கிறது. ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்று வராமல் என்ன செய்யும்?

சமதரையில் சென்டர் ஸ்டாண்டு. இரண்டு மூன்று நிமிடம் ஐடில். நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். கழற்றி, துடைத்து, திருகாமல் வைத்து எடுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி. குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பாருங்கள். எல்லா வண்டிக்கும் இதே முறை கிடையாது, சில கம்பெனிகளின் கேஜைத் திருகித்தான் பார்க்க வேண்டும். அந்தந்த வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும்.

என் கணக்கில் உங்கள் வண்டியில் இப்போது ஆயில் அதிகமாகவே இருக்கும். அதிகமானால் இன்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தள்ளும், பெட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயில் ஆயில் நிற்கும். அதையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மருந்துக்கடை ஊசிக்குழலில் ஒரு மெல்லிய டியூப் மாட்டி, கேஜ் துளை வழியாக உறிஞ்சி எடுக்கலாம்.

மேலே ஒருவர் சொன்ன 20டபிள்யூ-50 வேண்டாம். இந்த இன்ஜினுக்குச் சொன்னது 10டபிள்யூ-30. காய்ந்து கட்டையான சீல் உதட்டை எந்தக் கெட்டி ஆயிலும் திரும்ப வளைக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், அதுதான் மிச்சம். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்கிற குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கிளட்ச் இதே ஆயிலில்தான் முழுகி இருக்கிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கலாம். வெளியே பேஸ்ட் தடவுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆயில் ஈரத்தின் மேல் எந்தப் பேஸ்டும் பிடித்து நான் பார்த்ததில்லை.

அதுவரை வண்டியை ஓட்டலாம், அளவு கோட்டுக்குள் இருந்தால். பின் டயரின் இடது ஓரத்தில் ஆயில் தெறித்திருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

தாராபுரம்_ரோடு எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றிங்க. முதலில் ஸ்டாண்டு சோதனை செய்தேன். சென்டர் ஸ்டாண்டில் கறை மிளகு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்புறம் கழுவி, பவுடர் தூவி, அலங்கியம்வரை போய்வந்தேன். கியர் லீவர் ஷாஃப்டைச் சுற்றிப் பவுடர் நனைந்து, அங்கிருந்து நேர் கீழே ஒரே கோடு. ஸ்ப்ராக்கெட் பக்கமும் நியூட்ரல் சுவிட்ச் பக்கமும் வெள்ளையாகவே இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அளந்தால் ஆயில் மேல் கோட்டுக்கு நன்றாக மேலே. ஏர் ஃபில்டர் வடிகுழாயிலும் ஆயில் நிற்கிறது. ஊசிக்குழலில் எடுத்துக் கோட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். அப்பா நம்பவில்லை. "பதினாலு வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன்" என்கிறார்.

சீலை வேறு பட்டறையில் மாற்றினோம். சீல் ஐம்பது ரூபாய்க்குள், கூலி இருநூறு. ஷாஃப்ட் கொஞ்சம் ஆடுகிறது, தோட்டத்து மண் புகுந்து தேய்ந்திருக்கும் என்றார் அவர். இது எவ்வளவு நாள் தாங்கும்?

பழைய_பட்டறை எழுதியது:

ஷாஃப்ட் ஆடினால் புது சீலும் சீக்கிரம் தேயும். ஆனால் சீல் ஐம்பது ரூபாய், ஷாஃப்டை மாற்றக் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டும். மறுபடி கசிந்தால் மறுபடி சீல் போடுங்கள். வேறு காரணத்துக்காகக் கிளட்ச் கவரைத் திறக்கிற நாளில் ஷாஃப்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஏர் ஃபில்டரில் ஆயில் ஏறியிருந்தால் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மைலேஜ் குறையும். அப்பாவோடு வாதாட வேண்டாம், கேஜை நீங்களே பாருங்கள்.

வலதுகால்_கியர் எழுதியது:

ஐயா, இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350, வலது கால் கியர். வெளியே கசிவு அதிகம் இல்லை. ஆனால் சில வாரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் கேஜில் ஆயிலே ஒட்டுவதில்லை. ஊற்றி ஸ்டார்ட் செய்தால் ஒரே புகை, பிரீதரில் ஆயில் கக்குகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டதா?

பழைய_பட்டறை எழுதியது:

ரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்று. அந்தப் புல்லட்டில் ஆயில் இருக்கும் அறை தனி, கிராங்க் சுற்றும் அறை தனி. பம்ப் ஒரு பக்கம் அனுப்பும், இன்னொரு பக்கம் உறிஞ்சித் திருப்பிக் கொண்டுவரும். பம்ப் டிஸ்க் தேய்ந்திருந்தால் வண்டி நிற்கும்போது ஆயில் மெல்ல இறங்கிக் கிராங்க் அறைக்குப் போய்விடும். கேஜ் காய்ந்திருக்கும், ஆயில் எங்கேயும் போயிருக்காது. அதன் மேல் நீங்கள் ஊற்றினால் இரண்டு பங்கு ஆயில். புகைக்காமல் என்ன செய்யும்?

நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் கேஜைப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் பம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் புகைத்துவிட்டு நின்றால் அது இறங்கிய ஆயில் எரிவது. ஓட்டும்போதும் முறுக்க முறுக்க நீலப்புகை தொடர்ந்தால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம். இடது பக்கம் கிளட்ச் இருக்கும் பிரைமரி பெட்டிக்கும், கியர் பாக்ஸுக்கும் ஆயில் தனித்தனி, இந்தக் கேஜ் அவற்றைக் காட்டாது. பிரைமரி மூடி நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. கசிந்தால் ரப்பர் ரிங்கை மாற்றுங்கள், நட்டை இறுக்கினால் மூடிதான் வளையும்.