இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்லப் போன இடத்தில் இன்னும் மனதை விடாத ஒரு சந்திப்பு, உங்களுக்கும் உண்டா?

பாளை அக்கா
ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சிலர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், ரொட்டி, பால், சுவிசேஷம் அச்சடித்த கைப்பிரதி, வழக்கமானதுதான். தீக்காய வார்டில் ஒரு பெண். ஸ்டவ் வெடித்ததாம், அப்படித்தானே சொல்வார்கள். மாமியார் பிளாஸ்கும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்கிறார். நான் குனிந்து, "இயேசப்பா உன்னை நேசிக்கிறாரும்மா" என்றேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். "அன்னைக்கு ராத்திரி நான் கத்துனது அவருக்குக் கேட்டுச்சாக்கா?" என்றாள். உடனே மாமியார், "மருந்து மயக்கத்துல உளறுறா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்கிறார். அந்தம்மா முன்னால் என்ன ஜெபம் பண்ணுவது, சொல்லுங்கள்.

ரியாத் டிரைவர்
சவூதியில் வெளிப்படையாகக் கூடி ஆராதிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கேம்ப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பாடுவோம், கைதட்டல் கிடையாது. எங்கள் அறையில் தஞ்சாவூர்ப் பக்கத்து பாய் அண்ணன் ஒருவர். நாங்கள் ஜெபிக்கிற நேரம் அவர் வெங்காயமும் கத்தியுமாகக் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடுவார், யாராவது வந்தால் சத்தமாக சலாம் சொல்வார், நாங்கள் நிறுத்திவிடுவோம். 2020-ல் ஊரில் அவர் அம்மா தவறிவிட்டார், விமானமே ஓடாத நேரம், ஜனாஸாவை, அதாவது அடக்கத்தை, வீடியோ காலில்தான் பார்த்தார். "தம்பி, ஒண்ணும் சொல்லாத, சும்மா பக்கத்துல உட்காரு" என்றார். உட்கார்ந்தேன், அவர் துஆ, அவர்கள் ஜெபம், செய்து முடிக்கும்வரை. எங்கள் ஜெபக்குழுவில் இன்றைக்கும், "நல்ல சந்தர்ப்பத்தை விட்டுட்டியே" என்கிறார்கள். எனக்கு அது சந்தர்ப்பமாகவே தெரியவில்லை.

தெருமுனை ஊழியன்
சகோதரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. "சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும்" என்றுதான் 2 தீமோத்தேயு 4:2-ல் இருக்கிறது. பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கிற நிலையில்தான் பாடினார்கள், சிறைக் காவலன் குடும்பமே ரட்சிக்கப்பட்டது. துக்க வீட்டில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

என்னுடையது 2002. மதமாற்றத் தடைச் சட்டம் வந்த புதிது. தெருமுனைக் கூட்டத்துக்கு டீக்கடையில் கரண்ட் எடுத்திருந்தோம். பாதிப் பிரசங்கத்தில் கடைக்காரர் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வந்த கூட்டம் கலைந்தது. அப்புறம் பக்கத்தில் வந்து, "மைக் இல்லாம எனக்கு மட்டும் சொல்லு, கேக்குறேன்" என்றார். சமயம் வாய்க்காத இடத்தில் கர்த்தர் வாய்க்கச் செய்வார்.

நாகைக்காரன்
வசனம் என்றால் 1 பேதுரு 3:15-ஐயும் சேர்த்துப் படியுங்கள், விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அங்கே ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு. சுனாமி முகாமில் மீனவப் பெரியவர் ஒருவர் அரிசிப் பைக்குள்ளிருந்த கைப்பிரதியை எடுத்து என் சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டு, "அரிசிய இன்னைக்குக் குடு, இத அடுத்த மாசம் கொண்டா, அப்பவும் நீ வந்தா வாசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வார்டுக்குள் போனால் முதலில் நர்ஸ் சிஸ்டரிடம் கேளுங்கள், தலையணைக்கடியில் கைப்பிரதி வைக்காதீர்கள், மாத்திரையை நிறுத்து என்று எந்த விசுவாச வீரரும் சொல்ல விடாதீர்கள். பாளை அக்கா சொன்னது மாதிரி ஒரு பெண் வாயைத் திறந்தால் ஜெபத்துக்கு முன்னால் டூட்டி டாக்டர், அப்புறம் பெண்கள் உதவி எண் 181. சட்டம் தெரிந்து பேசுங்கள். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது, ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. நம் ஊர்த் தடைச் சட்டத்தை 2004-ல் திரும்பப் பெற்றார்கள், உத்தரப் பிரதேசத்திலோ மத்தியப் பிரதேசத்திலோ கதையே வேறு. இன்னொன்று, யாரும் சொல்லாதது. எஸ்.சி. பிள்ளை ஒன்று ஞானஸ்நானம் கேட்டு வந்தால், எஸ்.சி. பட்டியலுக்கான 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டால் எஸ்.சி. சலுகை போய்விடும், இங்கே பி.சி. பட்டியலில்தான் வரும் என்று எத்தனை பாஸ்டர்கள் தண்ணீரில் இறக்குமுன் சொல்கிறார்கள்? தெரிந்து எடுக்கட்டும், தெரியாமல் எடுக்க வேண்டாம்.

பாளை அக்கா
தம்பி, சிஸ்டரிடம் அன்றைக்கே சொன்னேன். மாமியார் கீழே போனதும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்தம்மா கீழே போகவே இல்லை, சாயங்காலம் அந்தப் பெண்ணை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தெருமுனை அண்ணே, அந்த டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு என்ன சொன்னார்? அதை விட்டுவிட்டீர்களே.

தெருமுனை ஊழியன்
முழுசாகக் கேட்டார் அக்கா. கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்க கல்லறையிலயும் எங்க தெருவுக்குத் தனி இடந்தானாமே, நெசமா?" என்றார். அதனால்தான் வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன்.