பம்ப் டிராயிங்கை ஷார்ஜாவுக்கு மெயிலில் அனுப்பினாலும் ஸ்கோமெட் லைசென்ஸ் வேண்டுமா?

கோவை_இம்பெல்லர்:
வணக்கம். கோவையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம், ரசாயன ஆலைகளுக்கு பம்ப் செய்கிறோம். ஷார்ஜாவில் ஒரு பார்ட்டி அங்கேயே தயாரித்து விற்க உரிமம் கேட்கிறார். இங்கிருந்து பம்ப் எதுவும் போகாது. கேஸிங், இம்பெல்லர் டிராயிங், லைனிங் மோல்டு செய்யும் முறை, டெஸ்ட் நடைமுறை எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்ப வேண்டும், அப்புறம் நம் ஆட்கள் இரண்டு பேர் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் சிஎச்ஏ (சுங்க முகவர்), "துறைமுகத்துக்கே சரக்கு வராதபோது என்ன எக்ஸ்போர்ட், தவிர பம்ப் 8413-ல் வருகிறது, அது ஃப்ரீதான், லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார். ஆடிட்டர் ஸ்கோமெட் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

உப்புக்காத்து:
உங்க ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஸ்கோமெட் என்பது ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள், தொழில்நுட்பம் இவற்றின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். சிஎச்ஏவைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது ஷிப்பிங் பில். 1992-ம் வருட வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது தொழில்நுட்பத்தையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பொதுவெளியில் இல்லாத தகவல், ஒரு பொருளை உருவாக்கவோ தயாரிக்கவோ பயன்படக்கூடியது என்றால் அது தொழில்நுட்பம்தான், பேப்பரில் போகிறதா மெயிலில் போகிறதா என்பது கணக்கில்லை. கூகுள் டிரைவ் லிங்க், வாட்ஸ்அப், ஸ்கிரீன் ஷேர், நேரில் போய்ச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதே கதைதான். ஷார்ஜாக்காரர் உங்க ஷெட்டுக்கு வந்து நின்று கற்றுக்கொண்டு போனாலும்கூட. இந்தியாவுக்குள்ளேயே வெளிநாட்டவருக்குக் கொடுப்பதும் ஏற்றுமதி என்றே சட்டத்தில் இருக்கிறது.

எச்எஸ் கோடை வைத்து முடிவு செய்யவே கூடாது. 8413 என்பது வரிக்கான எண். அதற்குள் கிணற்று மோட்டாரும் வரும், ஆசிட் பம்பும் வரும். ஸ்கோமெட் பட்டியல் தனி, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் இருக்கிறது, பொருளின் தன்மையை வைத்து எழுதியது. உங்களுக்கு வேண்டியது அதில் 3டி, ரசாயன ஆலைக் கருவிகள்.

வால்வு_மாமா:
மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் எல்லா பம்பும் அதில் வராது, பயந்துவிட வேண்டாம். அந்தப் பகுதி ஆஸ்திரேலியா குரூப் (ரசாயன, உயிரியல் ஆயுதப் பரவலைத் தடுக்க நாடுகள் சேர்ந்த குழு) பட்டியலை ஒட்டியது, இந்தியா 2018 ஜனவரியில் அதில் சேர்ந்தது. அங்கே பம்புக்கு மூன்று கேள்வி. ஒன்று, சீல் இல்லாத பம்பா (காந்தத்தால் சுழலும் மேக்னடிக் டிரைவ் போல) அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட சீல் உள்ளதா. இரண்டு, அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 0.6 கனமீட்டருக்கு மேலா. இது 600 லிட்டர்தான், வீட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் அரை எச்பி மோட்டாரே தாண்டிவிடும், ஆகையால் இந்தக் கேள்வியில் யாரும் தப்புவதில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: ரசாயனம் நேரடியாகப் படுகிற பாகங்கள் என்ன மெட்டீரியல்?

எஸ்எஸ் 316 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் நிக்கல் 10 முதல் 14 சதவீதம், பட்டியலில் வராது. ஹேஸ்டெல்லாய் சி276 என்றால் நிக்கல் பாதிக்கு மேல், 40 சதவீதம் தாண்டினாலே வரும், ஆக நிச்சயம் உண்டு. டைட்டானியம், டான்டலம், கண்ணாடி லைனிங், செராமிக், பிடிஎஃப்இ, பிஎஃப்ஏ போன்ற ஃப்ளோரோபாலிமர் லைனிங் எல்லாம் உண்டு. நீங்கள் 'லைனிங் மோல்டு' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அங்கேதான் உறுத்தியது.

வம்பு பிடித்தது அலாய் 20 என்ற கலப்பு உலோகம். நிக்கல் 25க்கு மேல், கூடவே குரோமியம் 20க்கு மேல் என்றால் பட்டியலில் வரும். அலாய் 20-ல் நிக்கல் தாராளமாக இருக்கிறது, குரோமியம்தான் 19-க்கும் 21-க்கும் நடுவே ஆடும். சரக்கு அனுப்புகிறவன் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்ற எண்) போட்ட மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் காட்டி வாதாடலாம். டிராயிங்குக்கு ஏது ஹீட் நம்பர்? அதனால் டிராயிங் அனுப்புகிறவர்கள் அலாய் 20ஐ உள்ளே இருப்பதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, 316 பம்பில் கேஸ்கெட் மட்டும் பிடிஎஃப்இ என்றால் பதற வேண்டியதில்லை. மாற்றிப் போடும்படி வடிவமைத்த கேஸ்கெட், சீல், வாஷர் இவற்றின் மெட்டீரியலை வைத்து முடிவு செய்வதில்லை என்று ஆஸ்திரேலியா குரூப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது.

சும்மாகேக்குறேன்:
பம்புக்குப் போய் இத்தனை கெடுபிடியா? உள்ளூர்ப் பட்டறைக்காரனுக்கு வந்த ஆர்டரைக் கெடுக்கத்தான் இதெல்லாம் என்று தோன்றுகிறது. சீனாக்காரன் அனுப்பாததா?

உப்புக்காத்து:
ஆஸ்திரேலியா குரூப் 1985-ல் ஏன் தொடங்கியது என்று பாருங்கள். ஈரான் போரில் ஈராக் ரசாயன ஆயுதம் போட்டது, 84-ல் ஐநா விசாரணையும் ஆயுதம் பயன்பட்டதை உறுதி செய்தது. அந்த ஆலைக்கான ரசாயனமும் கருவியும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளிடம் முறையாக பில் போட்டு வாங்கியவை, பூச்சிமருந்து ஆலைக்கு என்று சொல்லி. பூச்சிமருந்து செய்கிற பம்பும் நரம்பு வாயு செய்கிற பம்பும் ஒன்றுதான், ஆசிட்டுக்கு அரிக்காமல், கசியாமல் நிற்க வேண்டும். நீங்கள் சொல்கிற கெடுபிடி எரிச்சல்தான், மறுக்கவில்லை, சின்ன யூனிட்டுக்கு இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வைக்கவும் முடியாது. ஆனால் மாட்டினால் 2005-ன் பேரழிவு ஆயுதச் சட்டப்படி ஜெயில் வரைகூடப் போகலாம். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் என்பவருக்கு நான்கு வருடம் கொடுத்தார்கள். சரக்கு எதையும் கப்பலில் ஏற்றியதற்காக இல்லை, விமானப்படை ஆராய்ச்சித் தகவலைச் சீன, ஈரானிய மாணவர்களிடம் பகிர்ந்ததற்காக. அது அவர்கள் சட்டம், நம் வழக்கு இல்லை, ஆனால் தகவலே சரக்கு என்ற எண்ணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கோவை_இம்பெல்லர்:
ரொம்ப நன்றிங்க. மூன்று மாடல். ஒன்று 316, ஒரே மெக்கானிக்கல் சீல். மற்ற இரண்டும் மேக்னடிக் டிரைவ், பிஎஃப்ஏ லைனிங். பார்ட்டிக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான். கடைசியில் யாருக்கு விற்பீர்கள் என்று கேட்டால் "மார்க்கெட்டில் யார் கேட்டாலும்" என்கிறார், பெயர் தர மாட்டேன் என்கிறார்.

வால்வு_மாமா:
316-ன் டிராயிங் பட்டியலில் வராது. ஆனாலும் ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், சந்தேகப்பட காரணம் இருந்தால், பட்டியலில் இல்லாததையும் அனுப்பக் கூடாது. பிஎஃப்ஏ மாடல் இரண்டுக்கும் டிஜிஎஃப்டி தளத்தில் விண்ணப்பம் போடுங்க. டெல்லியில் பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு பார்க்கும். ஒரு வாரத்தில் கைக்கு வராது, ஒப்பந்தத்தில் தேதி போடும்போது அதற்கு இடம் விட்டு எழுதுங்க. 'அனுமதி கிடைத்தால் மட்டுமே' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அப்புறம் நம் கை கட்டிப்போகும். பயிற்சிக்குப் போகும் இரண்டு பேரையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்க, லேப்டாப்பில் தேவையான ஃபைல் தவிர வேறு எதுவும் இருக்க வேண்டாம்.

ஆனால் இறுதிப் பயனர் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே நகராது. உரிமத்தில் தயாரிக்கிறவர் அந்தப் பார்ட்டிதான், அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்: எங்கே தயாரிப்பார், எதற்கு, அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் டிராயிங்கைத் தர மாட்டேன் என்று. அதற்கும் மழுப்பினால் 316-ஐ மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுங்க. அதுவரை கொட்டேஷனோடு கட்-செக்‌ஷன் டிராயிங் எதையும் இணைக்காதீர்கள், கேட்லாக்கில் இருக்கிற படம் போதும், அது ஏற்கெனவே எல்லாரும் பார்ப்பதுதான்.