ஜப்பான் ஸ்விட்ச் 2 விலை குறைவா இருக்கே, ஏற்காடு ஹோம்ஸ்டேக்கு மூணு வாங்கலாமா?

கேள்வி: சேர்வராயன்_காப்பி

வணக்கம். ஒண்டிக்கடை பக்கம் நாலு ரூம் ஹோம்ஸ்டே. மழை, பனிமூட்ட நாள்ல விருந்தினரோட பிள்ளைங்க வெளியே போக முடியறதில்ல. அதுக்காக நிண்டெண்டோவோட ஸ்விட்ச் 2 கேம் மெஷின் மூணு வைக்கலாம்னு யோசனை. மச்சினன் ஓசாகாவுல வேலை பாக்கறார், லீவுக்கு வர்றப்ப எடுத்துட்டு வருவார். அங்க 2025-ல வெளியானப்ப 49,980 யென். 100 யென் 58 ரூபாய்னு வெச்சா 29,000 ரூபாய்க்குள்ள முடியுது. நிண்டெண்டோ இங்க நேரடியா விற்காததால, சேலத்துல இறக்கி விக்கறவங்க சொல்ற விலை இதைவிட ரொம்ப அதிகம்.

அங்க குலுக்கல் போட்டு விக்கறாங்கன்னு சொல்றாங்களே, ஒருத்தரே மூணு வாங்க முடியுமா? வாங்கினா இங்க ஓடுமா? கரன்ட் வித்தியாசத்துக்கு என்ன செய்யணும்?

பதில் 1: ஐந்துரோடு_கேம்ஸ்

நிறுத்துங்க, மச்சினன்கிட்ட இன்னும் பணம் குடுத்துடாதீங்க. நீங்க சொல்ற 49,980 யென் பெட்டி உங்க தேவைக்கு ஆகாது.

ஜப்பான்ல ஸ்விட்ச் 2 ரெண்டு வகை. ஒண்ணு 2025-ல 49,980 யென்னுக்கு வந்தது, அட்டைப்பெட்டியிலேயே 'ஜப்பானிய மொழி, உள்நாட்டுக்கு மட்டும்'னு ஜப்பானிய எழுத்துல போட்டிருக்கும். மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், செட்டிங்ஸ்ல மாத்த வழியே கிடையாது. நாடு ஜப்பான்னு பதிவான நிண்டெண்டோ கணக்கைத்தான் ஏத்துக்கும். இன்னொண்ணு பன்மொழி மாடல், அப்ப 69,980 யென். அதை நிண்டெண்டோவோட சொந்த ஆன்லைன் கடையில மட்டுந்தான் விக்கறாங்க, ஓசாகா கடைத்தெருவுல தேடினா கிடைக்காது. உங்க கணக்குப்படி அது 40,600 ரூபாய்.

இந்த 20,000 யென் இடைவெளியை வேணும்னேதான் வெச்சாங்க. யென் மதிப்பு விழுந்ததுல, உலகத்துலயே ஜப்பான்ல கன்சோல் (கேம் மெஷின்) மலிவுன்னு ஆயிடுச்சு. அங்க மொத்தமா அள்ளி உள்ளூர்லயும் வெளிநாட்டுலயும் பிளாக்ல விக்கறவங்களை 'தென்பையா'ன்னு சொல்வாங்க. சோனியோட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வந்தப்ப அந்த ஊர் மக்கள் பட்ட பாடு கொஞ்சமில்ல. 2020 நவம்பர் 12-ல வெளியாச்சு. பாமிட்சுங்கற ஜப்பான் கேம் பத்திரிகை கணக்குப்படி முதல் நாலு நாள்ல 1,18,085 தான் வித்துது, அதுக்கப்புறமும் கடைக்கு சரக்கு சரியா வரல. சிப் தட்டுப்பாடு ஒருபக்கம், தென்பையா மறுபக்கம். பெட்டி புதுசுன்னு காட்டி மறுபடி விக்க முடியாதபடி, சில கடைகள்ல வாங்கறவர் பேரை மார்க்கர்ல பெட்டி மேலயே எழுதி, கன்ட்ரோலர் சுத்தின கவரையும் கிழிச்சுக் குடுத்தாங்க. விலையும் ஏறிக்கிட்டே போய், டிஸ்க் மாடல் 2024 செப்டம்பர்ல 79,980 யென் ஆயிடுச்சு. கடைசியில சோனியும் இதே வழிக்கு வந்து, 2025 நவம்பர் 21-ல ஜப்பானிய மொழி மட்டும் உள்ள டிஜிட்டல் மாடலை 55,000 யென்னுக்கு இறக்கினாங்க.

குலுக்கல் விஷயம். ஸ்விட்ச் 2-வுக்கு நிண்டெண்டோ முதல்ல வெச்ச நிபந்தனை: 2025 பிப்ரவரி 28 வரைக்கும் பழைய ஸ்விட்ச்ல 50 மணி நேரத்துக்கு மேல ஆடியிருக்கணும், இலவச கேமும் டெமோவும் சேராது. நிண்டெண்டோவோட ஆன்லைன் சந்தா மொத்தம் ஒரு வருஷமாவது கட்டியிருக்கணும். இப்படி வடிகட்டியும் ஜப்பான்ல மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பிச்சாங்க. அவ்வளவு பேருக்கும் முதல் நாளே தர சரக்கு இல்லைன்னு நிண்டெண்டோ தலைவர் ஃபுருகாவாவே அறிவிச்சார். பணம் மட்டும் வெச்சிருக்கறவனைவிட நிஜமா விளையாடறவனுக்கு முதல் இடம் குடுத்தது ரொம்ப நியாயம்னு நினைக்கிறேன். எந்த ஊர்லயும் இதைச் செய்யலாம்.

ஒரே ஆள் பேர்ல மூணுங்கறது நடக்காது. அந்தக் குலுக்கல்ல ஒரு கணக்குக்கு ஒண்ணுதான் குடுத்தாங்க. மத்த கடைகளும் அவங்கவங்க உறுப்பினர் அட்டை, முன்னாடி வாங்கின பதிவு பார்த்துத்தான் குலுக்கல்ல சேர்த்தாங்க.

பதில் 2: சூரமங்கலம்_சந்தைக்கணக்கு

சரக்கு நிலவரத்தை மச்சினன் பார்க்கணும்னா பாமிட்சு வாராந்திரக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்க. ஆனா ஒரு விஷயம்: அது கடைகள்ல விசாரிச்சுப் போடற மதிப்பீடு, மக்கள் கைக்குப் போன எண்ணிக்கை. நிண்டெண்டோ மூணு மாசத்துக்கொரு தடவை சொல்றது கம்பெனியிலிருந்து கிளம்பின எண்ணிக்கை. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா தப்பாகும்.

ஸ்விட்ச் 2 முதல் நாலு நாள் 9,47,931. 2017-ல பழைய ஸ்விட்ச் முதல் மூணு நாள்ல சுமார் 3.3 லட்சம். அதாவது இந்தத் தடவை சரக்கைக் கொஞ்சமா இறக்கினதால தட்டுப்பாடு வரல. நிறைய இறக்கியும் கேட்டவங்க அதைவிட நிறைய. பிஎஸ்5 கதை வேற, அங்க சரக்கே குறைவு. இன்னொரு அடையாளமும் பாருங்க: கன்சோல் விக்கிற அளவுக்குப் பக்கத்துல கேம் டிஸ்க் விக்கலைன்னா, டவுன்லோடா வாங்கறவங்களைக் கழிச்சுட்டாலும், பெட்டி வீட்டுக்குப் போகாம வேற எங்கயோ போகுதுன்னு சந்தேகப்படலாம். பிஎஸ்5 ஆரம்பத்துல அந்தப் பேச்சு பலமா இருந்துச்சு.

சேர்வராயன்_காப்பி

ரொம்ப நன்றிங்க. அப்ப பன்மொழி மாடல் ஒண்ணு மட்டும் மச்சினன் கணக்குல வாங்கிட்டு, மீதி ரெண்டுக்கு இங்கயே பழைய ஸ்விட்ச் பார்க்கறேன். கேம் ஜப்பான்ல வாங்கலாமா? கரன்ட்டுக்கும் யாராவது சொல்லுங்க.

பதில் 3: செவ்வாய்ப்பேட்டை_சர்வீஸ்

கேம் கார்டுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எங்க வாங்கினாலும் ஓடும். பன்மொழி மாடல்ல மெனு மொழி ஆங்கிலம்னு வெச்சா, ஆங்கிலம் உள்ள கேம் அதுலயே வரும். வாங்கறதுக்கு முன்ன பெட்டி பின்னாடி எந்த மொழிகள் இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க.

அதைவிட முக்கியம் 'கேம் கீ கார்டு'. கார்டு இருக்கும், உள்ள கேம் இருக்காது. முதல் தடவை போட்டதும் முழுசா டவுன்லோட் ஆகணும், அப்புறமும் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளேயே இருக்கணும். மலை மேல நெட் இழுக்கற வேகத்துக்கு இது ஒத்து வராது. முழு கேம் உள்ள கார்டாவே வாங்குங்க. மெமரி 256 ஜிபி. கேம் ஏத்தறதுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேணும், போன்ல கழட்டின சாதா கார்டு ஆகாது. மெஷின்லயே கேம் டவுன்லோட் வாங்கற ஜப்பான் ஈஷாப்ல வாங்கலாம்னும் நினைக்காதீங்க, 2025 மார்ச் 25-லிருந்து வெளிநாட்டு கிரெடிட் கார்டை நிறுத்திட்டாங்க. பழுதுன்னாலும் ஜப்பான் முகவரிக்குத்தான் திரும்பப் போகணும்.

கரன்ட்: அங்க 100 வோல்ட், இங்க 230. அடாப்டர் லேபிள்ல '100-240'ன்னு இருந்தா தட்டை முள்ளுக்கு மாத்து பிளக் மட்டும் போதும். '100 வோல்ட்'னு மட்டும் இருந்தா நேரா சொருகவே கூடாது. மாத்து பிளக் துளையை மட்டுந்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. பாதி அடாப்டர் இப்படித்தான் எரியுது. நிண்டெண்டோவோட பழைய மெஷின் சூப்பர் ஃபேமிகாம் யாராவது கொண்டு வந்தா இதே ஆபத்து, அதோட அடாப்டருக்கு உள்ள போறது 100 வோல்ட் மட்டும். அதுக்கு 230-லிருந்து 100-க்கு இறக்கற டிரான்ஸ்பார்மர் வேணும். கடையில 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரைக் காட்டுவாங்க, 100-ன்னே கேட்டு வாங்குங்க. நம்ம லைன்ல வோல்டேஜ் ஏறும்போது அந்த 110 இன்னும் மேல போகும்.

பிஎஸ்5 வைக்கற யோசனை வந்தா: காத்து மழையில திடீர்னு கரன்ட் போகும், மெஷின் மெமரியில எழுதிக்கிட்டிருக்கும்போது அணைஞ்சா தகராறு பண்ணும். மெஷின் அணைஞ்ச நிலையில பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க, சுமார் ஏழு விநாடியில ரெண்டாவது பீப் வரும், அப்ப விடுங்க. கன்ட்ரோலரை யூஎஸ்பி வயர்ல சொருகி, வர்ற பட்டியல்ல டேட்டாபேஸை மறுபடி கட்டற தேர்வை எடுங்க, கேம் அழியாது. ஸ்விட்ச்ல பேட்டரி இருக்கறதால இந்தத் தொல்லை குறைவு, உங்க இடத்துக்கு அதுதான் சரி.

ஆள் வராத மாசங்கள்ல ஸ்விட்சைப் பீரோவுல போட்டு மறந்துடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் ஏத்தணும், இல்லைன்னா பேட்டரி அப்புறம் சார்ஜே ஏறாமப் போகலாம். மூடி இறுகின டப்பாவுல சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க. குளிர்ல இருந்து எடுத்து சூடான ரூமுக்குள்ள கொண்டு வந்ததும் ஆன் பண்ணாதீங்க, உள்ள கோத்த ஈரம் காயட்டும். சேலத்துல வெச்சிருக்கறவங்களுக்கும் சொல்றேன்: இந்த மெஷின்களுக்கு 35 டிகிரி வரைக்குந்தான் கணக்கு. ஏப்ரல் மத்தியானம் மூடின டிவி ஸ்டாண்டுக்குள்ள வெச்சு ஓட்டாதீங்க.