சிறுவர்களின் முரட்டு நடத்தை: "மரபணுவின் பங்கு 60 விழுக்காடு" என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதன் பொருள் என்ன?

கேள்வி: கல்வியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு இப்போது கல்வியியலில் முதுநிலை படித்துவருகிறேன். துறைக் கருத்தரங்குக்காகக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மாரா பிரெண்ட்கென் குழுவினர் 6 வயது இரட்டைக் குழந்தைகள் 234 இணைகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அடித்தல், உதைத்தல், தள்ளுதல் போன்ற உடல்வழித் தாக்குதலில் குழந்தைகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, அதாவது ஏறத்தாழ 60 விழுக்காடு, மரபணுக்களைச் சேர்ந்தது என்றும், பிறரைக் கூட்டத்திலிருந்து ஒதுக்குதல், புறம்பேசுதல் போன்ற உறவுவழித் தாக்குதலில் அந்தப் பங்கு சுமார் 20 விழுக்காடுதான் என்றும் அவ்வாய்வு கூறுகிறது. உடல்வழித் தாக்குதலில், ஒரே வீட்டில் வளர்வதால் வரும் பொதுவான சூழலுக்குக் குறிப்பிடத்தக்க பங்கே இல்லை என்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரும் கலக்கம் ஏற்பட்டது. வகுப்பில் எப்போதும் பிற பிள்ளைகளை அடிக்கும் ஒரு குழந்தையைப் பற்றி, அவனுடைய முரட்டுத்தனத்தில் 60 விழுக்காடு பிறவியிலேயே வந்தது என்று பொருள்கொள்ள வேண்டுமா? வீட்டுச் சூழலுக்குப் பங்கில்லை என்றால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நாம் எதை எதிர்பார்ப்பது? இந்தத் துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: புள்ளியியல் ஆசிரியர்

தங்கள் முதல் கேள்விக்கு விடை "இல்லை" என்பதே. இந்த விழுக்காடு எந்தத் தனிக் குழந்தையையும் பற்றியதன்று. ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகள் சிலர் அதிகமாகவும் சிலர் குறைவாகவும் முரட்டு நடத்தையைக் காட்டுகிறார்கள் அல்லவா, அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு அவர்களுக்கிடையேயான மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதையே அது அளக்கிறது.

கணக்கு எளியது. ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ முழு மரபணுத் தொகுதியையும் பகிர்ந்துகொள்கிறார்கள். இருகரு இரட்டையரோ மற்ற உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே காலத்தில் ஒரே வீட்டில் வளர்வதால், ஒருகரு இணைகள் கூடுதலாக ஒத்திருந்தால் அந்தக் கூடுதலை மரபின் கணக்கில் எழுதுகிறோம். எடுத்துக்காட்டுக்காக நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒருகரு இணைகளுக்கிடையே ஒட்டுறவு (இணையில் இருவரும் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண்; முழுமையாக ஒத்திருந்தால் 1) 0.60 என்றும் இருகரு இணைகளுக்கிடையே 0.35 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டின் வேறுபாட்டை இரட்டித்தால் வரும் 0.50 மரபின் பங்கு, 0.60இலிருந்து அதைக் கழித்தால் எஞ்சும் 0.10 பகிர்ந்த சூழலின் பங்கு, 1இலிருந்து 0.60ஐக் கழித்தால் வரும் 0.40 பகிராத சூழலின், அதாவது இருவரில் ஒருவருக்கு மட்டும் நேரும் அனுபவங்களின் பங்கு. ஃபால்கனரின் சூத்திரம் எனப்படுவது இதுதான். இன்றைய ஆய்வாளர்கள் இதைவிட நுட்பமான மாதிரிகளைப் பயன்படுத்தினாலும் அடிப்படைத் தருக்கம் மாறவில்லை.

கடைசியாக வந்த 0.40இல் அளவீட்டுப் பிழையும் ஒளிந்திருக்கிறது என்பதைத் தங்கள் கருத்தரங்கில் தவறாமல் சொல்லுங்கள். மேலும், எல்லாக் குழந்தைகளும் ஒரேமாதிரியான வீடுகளில் வளரும் சமூகத்தில் சூழல் வேறுபாடு குறைவாக இருப்பதால், மரபின் விழுக்காடு தானாகவே உயர்ந்து தெரியும். ஆகவே, அந்த எண் குறிப்பிட்ட மக்கள் தொகையையும் குறிப்பிட்ட காலத்தையும் சார்ந்தது.

மறுமொழி 2: குழந்தை உளவியல் ஆய்வாளர்

ஆசிரியர் ஐயா கணக்கைத் தெளிவாக விளக்கிவிட்டார். தங்களை உண்மையில் வருத்துவது இரண்டாம் கேள்வி என்று தோன்றுவதால் அதைச் சற்று விரிவாகப் பேசுகிறேன்.

"பகிர்ந்த சூழல்" என்பது குடும்பத்தைக் குறிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால், அது அப்படியன்று. ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஒத்தவர்களாக ஆக்கும் விளைவு மட்டுமே அந்தப் பெயரில் சேரும். ஒரே தாய் ஒரு குழந்தையிடம் கடுமையாகவும் மற்றதிடம் கனிவாகவும் நடந்துகொண்டால், அது குடும்பத்துக்குள்ளேயே நிகழ்ந்தாலும் பகிராத சூழலின் கணக்கில்தான் விழும். அதனால், பகிர்ந்த சூழலின் பங்கு குறைவு என்ற முடிவிலிருந்து "பெற்றோர் வளர்ப்புக்கு விளைவில்லை" என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழையாகிவிடும்.

இதற்கு நேரடிச் சான்று பிரிட்டனில் இருக்கிறது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையரின் குடும்பங்கள் 1,116ஐ 'ஈ-ரிஸ்க்' என்ற ஆய்வு தொடர்ந்து கவனித்துவருகிறது. டெர்ரி மொஃபிட்டும் அவ்ஷலோம் காஸ்பியும் தொடங்கிய இவ்வாய்வில், 5 வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவரைப் பற்றியும் தாயைத் தனித்தனியே ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவு ஒருகரு இரட்டையரை மட்டும் எடுத்துக்கொண்டது. மரபணு ஒன்றே என்பதால் அவ்விருவருக்கிடையே காணும் வேறுபாட்டை மரபால் விளக்க இயலாது. தாயின் பேச்சில் அதிக வெறுப்பும் குறைந்த கனிவும் யாரைப் பற்றி வெளிப்பட்டதோ அந்தக் குழந்தையே பின்னர் பள்ளியில் கூடுதலான சமூக விரோத நடத்தையைக் காட்டியது. முந்தைய நடத்தை வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. வளர்ப்பின் விளைவைக் காட்டுவதற்கு இதைவிடத் தூய்மையான வழியை நான் அறிந்ததில்லை. மரபை அளக்கப் பிறந்த கருவி சூழலுக்கு இவ்வளவு வலுவான சாட்சியம் தருவதே இரட்டையர் ஆய்வுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது.

அதே குடும்பங்களை வைத்து சாரா ஜாஃபி குழுவினர் எழுப்பிய கேள்வி ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் முக்கியமானது. குழந்தை முரடாக இருப்பதால்தான் அடி வாங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சாதாரணமாகக் கைநீட்டி அடிக்கும் தண்டனையில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 25 விழுக்காட்டைக் குழந்தையின் மரபு விளக்கியது. அதாவது, குழந்தையின் இயல்பு அத்தகைய தண்டனையை ஓரளவு வரவழைக்கிறது. உடலுக்குக் காயம் விளைவிக்கும் கொடுமையிலோ அந்தப் பங்கு 7 விழுக்காடு மட்டுமே. கொடுமைக்குக் காரணம் அதைச் செய்யும் பெரியவரிடமும் அவரது சூழ்நிலையிலும் இருக்கிறது, குழந்தையிடம் இல்லை. இதைப் பெற்றோர் கூட்டங்களில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2005இல் வந்த அவர்களது அடுத்த கட்டுரையின்படி, கொடுமைக்கு உள்ளான நிலையில் நடத்தைக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு, மரபு சார்ந்த அபாயம் குறைந்த குழந்தைகளிடம் 2 விழுக்காடும், அபாயம் மிகுந்த குழந்தைகளிடம் 24 விழுக்காடும் உயர்ந்தது. மரபால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய குழந்தைக்குத்தான் பாதுகாப்பான சூழல் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

தாங்கள் எடுத்துக்கொண்ட கியூபெக் குழுவின் பிற்கால ஆய்வுகளையும் சேர்த்துப் படியுங்கள். சண்டை போடுவதை உடன் படிக்கும் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும் வகுப்பில் மரபின் பங்கு கூடியும், அதை ஏற்காத வகுப்பில் குறைந்தும் காணப்பட்டது. வகுப்பறையின் வழக்கத்தைப் பொறுத்து மரபின் விழுக்காடே மாறுகிறது என்றால், ஆசிரியரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

மறுமொழி 3: இரட்டையரின் தாய்

நான் ஆய்வாளர் அல்லள். ஒருகரு இரட்டைப் பெண்களின் தாய். எனக்கு ஓர் ஐயம். எங்கள் உறவினர் அனைவரும் ஒருத்தியை "அடங்காதவள்" என்றும் மற்றவளைச் "சாது" என்றும் சிறுவயதிலேயே பெயரிட்டுவிட்டார்கள். உண்மையில் இருவருக்கும் அவ்வளவு வேறுபாடு கிடையாது. தாயிடம் கேட்டுப் பெறும் மதிப்பெண்களை நம்பி இந்த ஆய்வுகள் நடந்தால், இப்படிப்பட்ட ஒப்பீடுகள் முடிவைத் திரித்துவிடாவா? அத்துடன், ஒரே உடை உடுத்தி ஒரே பெஞ்சில் உட்காரும் ஒருகரு இரட்டையரின் சூழல் இருகரு இரட்டையரின் சூழலுக்குச் சமம் என்று எப்படிக் கொள்கிறார்கள்?

மறுமொழி 4: குழந்தை உளவியல் ஆய்வாளர்

அம்மா, தாங்கள் சுட்டிய இரண்டும் இத்துறையில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுபவை. தாய் இருவரையும் எதிரெதிராக ஒப்பிட்டுப் பார்த்தால் இணைகளுக்கிடையேயான ஒட்டுறவு செயற்கையாகக் குறையும். இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் கூடும். அதனால்தான் தகவல் தருபவர்களைப் பலராக்குகிறார்கள். கியூபெக் ஆய்வில் ஆசிரியரும் வகுப்புத் தோழர்களும் மதிப்பிட்டார்கள். ஈ-ரிஸ்க் ஆய்வில் தாய், ஆசிரியர், பார்வையாளர், குழந்தை ஆகிய நால்வரும் ஒத்துப்போகும் சமூக விரோத நடத்தையை மட்டும் பிரித்தெடுத்தபோது மரபின் பங்கு 82 விழுக்காடாக உயர்ந்தது.

அதற்கு நேர்மாறான ஆய்வு ஒன்றும் உண்டு. 1981இல் ராபர்ட் புளோமின், டெரில் ஃபாக், டேவிட் ரோ ஆகியோர் இரட்டைக் குழந்தைகளை ஊதிய கோமாளிப் பொம்மையோடு விட்டு, அவர்கள் அதை எவ்வளவு அடிக்கிறார்கள் என்று நேரில் கவனித்தார்கள். அங்கே ஒருகரு இணைகளும் இருகரு இணைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒத்திருந்தனர். மரபின் தடயம் தென்படவில்லை. ஓர் அறையில் சில நிமிடம் பொம்மையை அடிப்பதும் மாதக்கணக்கில் தோழர்களிடம் நடந்துகொள்வதும் ஒன்றா என்பது விவாதத்துக்குரியதுதான். ஆயினும், எதை, யாரைக் கேட்டு, எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறும் என்பதை மறைக்கக் கூடாது.

சூழல் சமம் என்ற அனுமானத்தைச் சோதிக்க, பெற்றோர் தவறாக வகைப்படுத்திய இரட்டையரைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். டி.என்.ஏ. சோதனையில் ஒருகரு என்று தெரியவரும் பிள்ளைகளைப் பெற்றோர் இருகரு என்று நம்பி வளர்த்திருந்தால், ஒத்த தன்மை எதைத் தொடர்ந்து வருகிறது, நம்பிக்கையையா மரபையா என்று காண முடியும். பெரும்பாலான பண்புகளில் அது மரபையே தொடர்ந்து வந்தது. கருப்பையில் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வது போன்ற சிக்கல்கள் தனியே இருக்கின்றன.

மறுமொழி 5: கல்வியியல் மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இனி அந்த எண்ணைத் தனிக் குழந்தையின் மீது சுமத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன்: நம் பகுதியில் இத்தகைய ஆய்வுகள் உண்டா? கனடா, பிரிட்டன் வகுப்பறைகளின் விழுக்காட்டை 40 பிள்ளைகள் அமரும் நம் வகுப்பறைக்குப் பொருத்தலாமா?

மறுமொழி 6: புள்ளியியல் ஆசிரியர்

அப்படியே பொருத்தக் கூடாது. தெற்காசியாவில் இலங்கையில் இரட்டையர் பதிவேடு ஒன்று இருக்கிறது. கொழும்பு மாவட்டத்தில் அதை அடிப்படையாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு வயதுவந்தோரின் மனச்சோர்வு போன்றவற்றை முதன்மையாகக் கொண்டது. மேலைநாட்டு ஆய்வுகளிலேயே அலெக்ஸாண்ட்ரா பர்ட் 2009இல் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துச் செய்த தொகுப்பாய்வு முரட்டு நடத்தைக்கு 65 விழுக்காடும், விதி மீறும் நடத்தைக்கு 48 விழுக்காடும் மரபின் பங்கு என்று கண்டது. பகிர்ந்த சூழலின் பங்கு முறையே 5, 18. ஒரே வகைச் சமூகத்துக்குள்ளேயே நடத்தையின் வகை மாறினால் எண்கள் இவ்வளவு நகர்கின்றன. ஆதலால், கருத்தரங்கில் விழுக்காட்டைக் காட்டுவதற்கு முன் ஒருகரு, இருகரு ஒட்டுறவுகளை அருகருகே ஒரே அட்டவணையில் காட்டிவிடுங்கள்; எந்த ஊரில், எந்த வயதில், யார் மதிப்பிட்டார்கள் என்பதையும் அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.